பழைய போன்களுக்கு இனி ஆதரவில்லை

மார்ச் 11, 2025, செவ்வாய்

இன்று ஒரு பெரிய நிறுவனம் எங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறது. காரணம் தெரியவில்லை. கவலையாக இருக்கிறது.

நானும் வாசுதேவனும் பல வருடங்களாக ஓய்வு நேரத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கும் ‘அலைச்சேதி’ என்ற செயலியை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்களாம். அமெரிக்காவையும் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்.

அலைச்சேதி செய்வது ஒரே ஒரு வேலை. அரசு தினமும் வெளியிடும் கடல் முன்னறிவிப்பை எடுத்து, காற்று எப்படி, அலை எவ்வளவு, போகலாமா கூடாதா என்று கரையில் பேசுகிற தமிழில் உரக்க வாசிக்கும். நெம்மேலிக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், மீன் ஏலம் போடும் கொட்டகையில், ஒரு பழைய போன் தொங்குகிறது. திரையில் விரிசல், முதுகில் ரப்பர் பேண்ட். கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் தணிகைவேல் அதை ஒலிபெருக்கியோடு இணைத்து வைத்திருக்கிறார். விடியும் முன் அது பேசும். குப்பம் முழுவதும் கேட்டுவிட்டு, படகைத் தள்ளுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும். இந்தக் கரையில் இப்படி இன்னும் சில கொட்டகைகள் உண்டு. அவ்வளவுதான் எங்கள் பேரரசு.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஓசி விளம்பரம் எதற்கு. படகுகளுக்குக் காப்பீடு விற்கிறார்கள். சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடம். அது போதும்.

பதில் போடவில்லை. நன்றிக்கு நன்றி என்று எழுதினால் அது ஒப்பந்தமாகிவிடுமோ?

மார்ச் 14

வாசுதேவன் பதில் போட்டுவிட்டான்.

மார்ச் 27, வியாழன்

அவர்களிடமிருந்து கவியா என்ற இளம்பெண் படூருக்கு வந்தார். நான் கணினிக்கூடம் பார்த்துக்கொள்ளும் கல்லூரியின் கேன்டீனில் உட்கார்ந்து பேசினோம். கட்டற்ற மென்பொருள் உறவுத் துறை என்று அட்டையில் போட்டிருந்தது. துறையில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

“நான் மட்டும்தான் சார்.”

“என்ன எதிர்பார்க்கிறீங்க எங்ககிட்ட?”

“எதுவும் வேணாம் சார். நாங்க கான்ட்ரிப்யூட் பண்ணணும், அவ்ளோதான்.”

ஏதாவது வேண்டும் என்று வருபவர்களைக் கையாளத் தெரியும். இல்லை என்று சொல்லி அனுப்பலாம். எதுவும் வேண்டாம் என்று வருபவரை என்ன சொல்லி அனுப்புவது?

ஒரு பை நிறைய டி-சர்ட் கொண்டுவந்திருந்தார். எங்கள் கேன்டீன் எலுமிச்சை சாதத்தை முகம் சுளிக்காமல் முழுவதும் சாப்பிட்டார். அதையும் குறித்துக்கொண்டேன். சாதாரண மனிதர்களால் முடியாது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஆலயத்தில் போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் கவியா அனுப்பிய திருத்தங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் அப்புறம் பார்க்கலாம் என்று போட்டு வைத்திருந்த பிழைகளை எல்லாம் அந்தப் பெண் இந்த ஒரு மாதத்தில் சரிசெய்துவிட்டாள். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை. ஒன்றுமே கிடைக்காததுதான் உறுத்துகிறது.

மத்தியானம் பிரியாணி பரிமாறிக்கொண்டே ஹெலன் கேட்டாள்: “வேலை செய்யலன்னா திட்டுறீங்க. செஞ்சா சந்தேகப்படுறீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்தி யார் யார்கிட்ட விசாரிச்சீங்க?”

இன்னும் கொஞ்சம் பிரியாணி கேட்டேன். விசாரித்தது உண்மை.

மே 9, வெள்ளி

வாசுதேவன் செங்கல்பட்டு வேலையை விட்டுவிட்டு அந்த நிறுவனத்தில் சேர்ந்துவிட்டான். போனில் சொன்னான். நேரில் சொல்லியிருக்கலாம், பேருந்தில் ஒரு மணி நேரம்தான்.

“மச்சான், அதே அலைச்சேதி வேலைதான்டா. இத்தனை நாளு ஞாயித்துக்கிழமை செஞ்சோம். இனிமே திங்கக்கிழமையும் செய்வேன், சம்பளத்தோட.”

“யாரு சொல்றத செய்வ?”

“யாரு சொல்லணும்? அலைச்சேதிக்கு எது நல்லதோ அத செய்வேன்.”

“எது நல்லதுன்னு யாரு முடிவு பண்ணுவா?”

“மீட்டிங்ல பேசுவாங்க” என்றான்.

அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நான் அவன் இடத்தில் இருந்தால் போயிருக்க மாட்டேனா? கேட்கவில்லையே என்னை. கேட்காதவர்கள் நேர்மையைக் காப்பாற்றிக்கொள்வது எளிது.

மே 25, ஞாயிறு

இதுவரை எந்த மாற்றமும் நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போகும். ஆள் போதவில்லை, மூன்றாவது பொறுப்பாளராக கவியாவைச் சேர்க்கலாம், மூவரில் இருவர் ஒப்புக்கொண்டால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம் என்றான் வாசுதேவன். மறுக்க ஒரு காரணம் தேடினேன். பிழை திருத்துகிறாள், மரியாதையாகப் பேசுகிறாள், நேரத்துக்குப் பதில் தருகிறாள். இவற்றை எப்படிக் குற்றச்சாட்டாக எழுதுவது?

ஒப்புக்கொண்டேன். எங்களுக்குள் ஜனநாயகம் வந்துவிட்டது. இதுவரை வெறும் ஒற்றுமைதான் இருந்தது.

ஜூன் 20

நாளை நிறுவனத்தார் குப்பத்துக்குப் போகிறார்கள். கள ஆய்வாம்: பயனர்களை அவர்களுடைய சூழலில் சந்திப்பது. எனக்குக் கல்லூரியில் ஆய்வுக் குழு வருகை. விடுப்பு கிடையாது. தணிகைவேலுக்குப் போன் செய்து, இருக்கிறதை அப்படியே காட்டுங்கள் என்றேன்.

“நீ கவலயே படாத சார். சும்மா அசத்திடறோம்.”

ஜூலை 8, செவ்வாய்

வந்துவிட்டது.

தலைப்பு: ‘பழைய போன்களுக்கான ஆதரவை நிறுத்துதல்’. முன்மொழிந்தவர் வாசுதேவன். அவன் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்காகப் பத்தி பிரித்து எழுதியதில்லை. புதிய அலைச்சேதி புதிய போன்களில் மட்டும் ஓடும். பழையதற்கு முன்னறிவிப்பு அனுப்பும் பகுதி செப்டம்பரோடு நின்றுவிடும். அந்த உழைப்பை மிச்சப்படுத்தி, படகு எங்கே இருக்கிறது என்பதை எப்போதும் தெரிந்துகொண்டு இன்னும் துல்லியமாகச் சேதி தரும் வசதியைச் செய்யலாம். படகு எங்கே என்று தெரிந்தால் காப்பீட்டுக்காரர்களுக்கு என்ன லாபம் என்று அதில் இல்லை. துல்லியம் என்ற சொல் வந்தால் அதன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஆதாரம் இரண்டு. ஒன்று, பயன்பாட்டுக் கணக்கு: பழைய போன் ஒன்றுகூடக் கணக்கில் வரவில்லை. எப்படி வரும்? கணக்கெடுக்கும் நிரல் பழைய போனில் ஓடாது. வராதவர்கள் கை தூக்குங்கள் என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள், யாரும் தூக்கவில்லை, எனவே அனைவரும் வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கள ஆய்வுப் படங்கள். குப்பத்தில் எல்லார் கையிலும் பளபளவென்று புதிய போன். கொட்டகையில் அந்த ரப்பர் பேண்ட் போன் தொங்கிய ஆணி மட்டும் தெரிகிறது. மீன் விற்கும் ஆதியம்மாள், கன்னத்தோடு புதிய போனை ஒட்டி வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நடிக்க வைத்திருக்கிறார்கள். போனைக் கையில் கொடுத்து, பிடிம்மா, சிரிம்மா என்று சொல்லியிருக்கிறார்கள். நான்கு மாதம் தேடியது கடைசியில் கிடைத்துவிட்டது. மாட்டினார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. சாட்சி சேகரிக்கக் குப்பத்துக்குப் போனேன்.

கொட்டகையில் ஏலம் முடிந்து தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தணிகைவேல் நிறுவனத்தின் டி-சர்ட்டைப் போட்டிருந்தார். பழைய போன் வழக்கம்போல ஆணியில் தொங்கியது. படத்தைக் காட்டி, இந்தப் போனை எல்லாம் கம்பெனிக்காரங்கதானே கொண்டுவந்து கொடுத்தாங்க என்று கேட்டேன்.

“அவங்க ஏன் சார் குடுக்கப் போறாங்க? அதுக்கு நாங்க பட்ட பேஜாரு உனக்கு இன்னா தெரியும். பசங்க போனு, மருமவ போனு, ஒண்ணொண்ணா கெஞ்சி வாங்கினு வந்தோம்.”

“எதுக்கு?”

“இன்னா எதுக்கு? பெரிய எடத்துலருந்து ஆளுங்க வந்துகினு கீறாங்கன்னு நீதான சொன்ன. ரப்பர் பேண்டு போட்டதயா காட்றது? அத்த ஐஸ் பொட்டில வச்சி மூடிட்டேன்.”

“ஐஸ் பெட்டிக்குள்ளயா!”

“காலி பொட்டி சார். நாங்க இன்னா லூசா?”

ஆதியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து படத்தை வாங்கிப் பார்த்தார். “அது எங்க பிரியங்கா போனு, எம் மருமவ. புதுப்பட்டினத்துல கடைக்கு லீவு சொல்லிட்டு எடுத்தாந்துச்சி. படம் நல்லாத்தான கீது?”

“ஏம்மா இப்படிப் பண்ணீங்க?”

“நல்லா கேட்ட போ. விருந்தாளி வந்தா உன் வூட்ல கிழிஞ்ச பாயையா விரிப்பாங்க? அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு. ‘எல்லாருமே இந்த மாரி போன்தான் வச்சிருக்கீங்களா ஆன்ட்டி’ன்னு கேட்டுச்சி. ஆமா கண்ணு, எங்களுக்கு இன்னா கொறச்சல்னு சொன்னேன்.”

பிரியங்காவின் கணவன் தேவா வலையை உதறிக்கொண்டே சிரித்தான். “அந்தப் போன எல்லாம் கடல் பக்கமே காட்ட மாட்டோம் சார். ஒரு சொட்டு உப்புத்தண்ணி பட்டா பொண்டாட்டி என்னிய வூட்ல சேக்க மாட்டா.”

செப்டம்பருக்குப் பிறகு இந்த ஆணிப் போன் பேசாது என்று சொன்னேன். தண்ணீர் ஊற்றுவது நின்றது.

“மழை மாசத்துலயா?” என்றார் ஆதியம்மாள். “அப்போ இவன் எத்தக் கேட்டுட்டு கடலுக்குப் போவான்?”

தேவா சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

ஆக, மோசடி செய்தவர்கள் என் ஆட்கள். நிறுவனம் கண்ணால் கண்டதை நம்பியிருக்கிறது. இவ்வளவு நாள் தேடிய பொய் அகப்பட்டுவிட்டது, தப்பான பக்கத்தில்.

ஜூலை 16

நடந்ததை அப்படியே, ஐஸ் பெட்டி உட்பட, திட்டத்தின் பொது விவாதப் பக்கத்தில் எழுதினேன். யார் மேலும் குறை சொல்லவில்லை. ஆணிப் போனின் படத்தையும் போட்டேன்.

வாசுதேவனின் பதில்: ‘உங்கள் கருத்துக்கு நன்றி. பதிவு செய்துகொண்டோம்.’

உங்கள். என்னை. செய்யூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் என் பரோட்டாவைத் தின்றவன்.

ஜூலை 22

கவியா அழைத்தாள். குரல் சரியில்லை. “சார், நீங்க போட்டதை அப்படியே மேல காட்டினேன். தப்பா பார்த்துட்டு வந்துட்டோம்னு சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“நல்ல இன்புட்னு சொன்னாங்க. அடுத்த வருஷத் திட்டத்துல எடுத்துக்கலாமாம். இந்த வருஷத் திட்டத்துக்கு ஸ்லைடு மேல போயிடுச்சு சார்.”

வசதியான தவறாக இருந்தால் அதைத் திருத்த யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. குரல் சரியில்லாததும் பயிற்சியில் சொல்லித் தருவதாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெள்ளிக்கிழமை விடுமுறையாம், எனவே பழைய போன் வாக்கெடுப்பு வியாழனன்றே முடிந்தது. மூன்று நாளாக இதை எழுத மனம் வரவில்லை. இரண்டுக்கு ஒன்று. அந்த ஒன்று நான். கவியாவின் வாக்கு கடைசியாக, அலுவலகம் முடியும் நேரத்தில் வந்தது. ஒரு சொல் விளக்கம் இல்லை.

சட்டப்படி எல்லாம் சரி. யாரும் எதையும் திருடவில்லை. கதவு திறந்திருந்தது, வந்தார்கள், பெருக்கினார்கள், வெள்ளையடித்தார்கள், நாற்காலியை மாற்றிப் போட்டார்கள். இப்போது நான் விருந்தாளி.

போகட்டும். எனக்கென்ன. நானா கடலுக்குப் போறேன்? மாசம் பொறந்தா கல்லூரி சம்பளம் வருது. போகட்டும்னு விட்டுட்டா தூக்கமாவது வரும். விட முடியுதா? அந்த அம்மா கேட்டுச்சே, எத்தக் கேட்டுட்டுப் போவான்னு. அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது, ஸ்லைடு போயிடுச்சுப்பான்னா?

ஆகஸ்ட் 24

உரிமத்தை இன்று மறுபடி படித்தேன். நாங்களே எழுதி வைத்த வரி: இதை யாரும் எடுத்துக்கொண்டு போகலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம். ‘யாரும்’ என்பதில் நானும் அடக்கம் என்பது இப்போதுதான் உறைத்தது.

நிறுவனம் வருவதற்கு முந்தைய அலைச்சேதியை முழுவதும் நகலெடுத்தேன். இனி இது தனி. பெயரை மட்டும் எடுக்க முடியாது. அதை அவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். நாங்கள் சும்மா வைத்த பெயர். தணிகைவேலிடம் புதுப் பெயர் கேட்டேன். பக்கத்திலிருந்து ஆதியம்மாளின் குரல்: “பேர வச்சி இன்னா மீனா புடிக்கப் போறாரு? சத்தமா பேசினா போதும்னு சொல்லு.”

‘கொட்டகை’ என்று வைத்தேன். பொறுப்பாளர் நான் ஒருவனே. யாரையும் நம்ப வேண்டிய அவசியம் இல்லாத ஏற்பாடு. நிம்மதி.

செப்டம்பர் 21

கரையோரக் கொட்டகைகளுக்கெல்லாம் நானே போய், பழைய போன்களில் புதியதை ஏற்றிவிட்டு வந்தேன். முதுகு வலி.

வாசுதேவன் அழைத்தான். “ஏன்டா பிரிச்சிட்ட? ஒண்ணா இருந்தா எவ்ளோ பெரிசா பண்ணலாம்!”

“பண்ணலாம். யாருக்கு?”

“நீ எப்பவுமே இப்படித்தான்டா” என்று வைத்துவிட்டான். எப்படி என்று சொல்லியிருந்தால் எழுதி வைத்திருப்பேன்.

அக்டோபர் 15, புதன்

தணிகைவேல் போன் செய்தார். ‘கொட்டகை’ நேற்றுச் சொன்னதையே இன்றும் ஒரு எழுத்து மாறாமல் சொன்னதாம்: ‘காத்து கம்மி, அலை கம்மி, போகலாம்’. கடலைப் பார்த்தால் அப்படியில்லை என்று யாரோ சந்தேகப்பட்டுப் படகுகளை நிறுத்தியிருக்கிறார்கள்.

பார்த்தேன். அரசு முன்னறிவிப்பை வெளியிடும் முறையை மாற்றியிருக்கிறது. புதியதைப் படிக்கத் தெரியாத என் நிரல், நல்ல பிள்ளை மாதிரி பழையதையே ஒப்பிக்கிறது. ஊமையாகியிருந்தால்கூடப் பரவாயில்லை. தைரியமாகப் பொய் சொல்கிறது.

எல்லாக் கொட்டகைக்கும் போன் செய்து அணைக்கச் சொன்னேன்.

அக்டோபர் 17

முடியவில்லை. ஒரு இடத்தைச் சரிசெய்தால் வேறு இடத்தில் அலையின் உயரம் காற்றின் வேகமாக வாசிக்கப்படுகிறது. அந்தப் பகுதியை முதலில் எழுதியவன் வாசுதேவன். நிறுவனம் தன்னுடையதைச் சரிசெய்துவிட்டது. ஆனால் அந்தப் பகுதி இப்போது திறந்த மூலத்தில் இல்லை, ‘பாதுகாப்புக் காரணங்களுக்காக’.

ஆதியம்மாள் அழைத்தார். “மூணு நாளா பையன் கரையிலயே குந்திகினு கீறான் சார். நாளான்னிக்கி அவனே போயிடுவான், சொன்னா கேக்க மாட்டான். அனுப்பட்டுமா வேணாமா, நீ சொல்லு.”

“வேணாம்மா.”

“எது வரிக்கும்?”

யாரையும் நம்ப வேண்டாத ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது. உதவிக்குக் கூப்பிட ஆள் இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் ‘கொட்டகை’க்கு ஒரு திருத்தம் வந்திருந்தது. இதுவரை வந்த முதல் திருத்தம். அனுப்பியவர் கவியா. அலுவலக முகவரி இல்லை, சொந்த முகவரி. கூடவே தமிழில் நாலு வரி:

‘சார், இது என் லேப்டாப்பில் லீவு நாளில் எழுதியது. ஆபீஸ் கோடு எதையும் பார்க்கவில்லை, அந்த டீமிலும் நான் இல்லை. ரிச்சி தெருவில் ஒரு பழைய போன் வாங்கி அதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.’

பொறி என்று உடனே தோன்றியது. நிறுவனத்தின் நிரலைக் கொஞ்சம் கலந்து அனுப்பியிருந்தால்? நான் சேர்த்ததும் வக்கீல் நோட்டீஸ், கொட்டகைக்குப் பூட்டு. நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன் — இல்லை, செய்ய மாட்டேன். ஆனால் யோசித்திருப்பேன்.

மத்தியானம் வரை வரிவரியாகப் படித்தேன். வேறு யாருடைய கையும் அதில் இல்லை. மாற்றிய ஒவ்வொரு இடத்திலும் ஏன் என்று குறிப்பு எழுதியிருந்தாள். புது முன்னறிவிப்பு வரவில்லை என்றால் பழையதை வாசிக்காமல், ‘இன்னிக்கு சேதி இல்ல, என்னிய நம்பிப் போகாதீங்க’ என்று சொல்லும்படி ஒரு வரியும் சேர்த்திருந்தாள். நான் இத்தனை வருடத்தில் யோசிக்காதது. அதையும் குப்பத்துத் தமிழில் எழுதியிருந்தாள்.

ஹெலன் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏதாவது கிடைச்சுதா?” என்றாள்.

“இன்னும் இல்ல.”

“இல்லன்னா இல்லன்னு ஒத்துக்குங்களேன். வானம் இருட்டிக்கிட்டு வருது.”

சாயங்காலம் சேர்த்துவிட்டேன். எல்லாக் கொட்டகைக்கும் போனது, அணைத்ததை மறுபடி போடச் சொன்னேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

கவியாவை இரண்டாவது பொறுப்பாளராகச் சேர்த்தேன். இனி எந்த மாற்றத்துக்கும் நாங்கள் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் தெரிந்தால் சிக்கல் வராதா என்று கேட்டேன். ‘வரும் சார்’ என்று பதில் வந்தது.

காலையில் ஆதியம்மாள் அழைத்தார். பின்னால் ஓட்டில் மழை இரைந்தது.

“உன் பொட்டி பேசிச்சி சார். பெரிய காத்து, போவாதீங்கோன்னு கத்திச்சி. ஒரு படகும் போவல. இவன் நாஸ்தா துன்னுட்டு இங்க கொறட்ட வுட்டுகினு கீறான், என்னால தாங்க முடியல. இத்த எழுப்பி வுடறதுக்கு உன் பொட்டில எதனா வழி கீதா?”

இப்போதைக்கு இல்லை என்றேன். கவியாவிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.